கத்தா, கேரு, 412: வீட்டுச் சுவரில் அடர்பழுப்பு

நீண்ட பதிவு. வண்ணச்சொற்கள் குறித்தும் வீடுகளின் வரலாறு குறித்தும் ஆர்வமுள்ள நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

2025ஆம் ஆண்டுக்குரிய நிறமாகப் பான்டோன் நிறுவனம் அறிவித்தது 'மோக்கா மூஸ்' என்னும் ஒரு பழுப்பு. அதைத் தொடர்ந்து உள்ளலங்கார இதழ்களிலும் விளம்பரங்களிலும் அடர்பழுப்புச் சுவர் பெருவழக்காயிற்று. வரவேற்பறையின் நான்கு சுவர்களுள் ஒன்றை மட்டும் கரும்பழுப்பாகத் தீட்டி, மற்ற மூன்றையும் வெளிறவிடுவது இன்றைய நாகரிகம். இது குறித்து எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கூற்றைச் சொல்கின்றனர்: இந்தியர் இதுவரை வெள்ளைச் சுவரையே விரும்பி வந்தனர், அடர்நிறத்தை வீட்டுக்குள் கொணர்வது புதிய துணிவு. நகரத்து நடுத்தர வர்க்கத்தின் கடந்த இரண்டு மூன்று தலைமுறைகளை மட்டும் 'இந்தியர்' எனக் கொண்டால் இக்கூற்று ஓரளவு பொருந்தும். மண்ணும் சாணமும் பூசிய சுவர்களுக்குள் வாழ்ந்தோரையும் கணக்கில் கொண்டால் அது நிற்காது. அவர்களுடைய உட்சுவர் பழுப்பாகவே இருந்தது. அடுப்புப் புகை அதனை மேலும் கருக்கியது. அதற்கு எவரும் துணிவு என்று பெயரிடவில்லை.

முதலில் சொற்களிலிருந்து தொடங்குகிறேன். என் பயிற்சி அத்துறையில் என்பதே காரணம். பழுப்பு நிறத்துக்கு இந்திய மொழிகள் வழங்கும் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. தெலுங்கில் அது கோதுமை நிறம். மலையாளத்தில் 'தவிட்டு' நிறம், நம் தவிடுதான். மராத்தியில் 'தப்கிரி'; மூக்குப்பொடிக்கு அம்மொழியில் 'தப்கீர்' என்று பெயர். வங்காளியர் வாதுமையைக் கொண்டு 'பாதாமி' என்பர். சற்றுச் சிவந்த அடர்பழுப்பாயின் 'கயேரி' என்பர். இந்தியில் பொதுச்சொல்லாகிய 'பூரா' இருப்பினும், அடர்பழுப்பைக் குறிக்க மக்கள் நாவில் வருவது 'கத்தை'. தமிழின் 'பழுப்பு' பழுத்தலிலிருந்து பிறந்தது. பழுத்த இலையின் மஞ்சளும் அதனுள் அடங்கும். ஆதலால்தான் துணிக்கடையில் நாம் பழுப்பு என்று கேட்பதில்லை. காப்பிப்பொடி நிறம் என்றோ சாக்லேட் நிறம் என்றோ கேட்கிறோம். இலங்கைத் தமிழர் பாடநூல்களில் 'கபிலம்' வழங்குகிறது. வடமொழிக் 'கபில'த்தைக் குரங்கைக் குறிக்கும் 'கபி'யோடு இணைப்பது மரபு. வேதத்தில் சோமத்துக்கு அடையாக வரும் 'பப்ரு' பழுப்பையும் குறிக்கும், கீரியையும் குறிக்கும். ஆங்கிலப் 'பிரவு'னுக்கும் அதற்கும் ஒரே வேர்.

பிரெண்ட் பெர்லினும் பால் கேயும் 1969இல் வெளியிட்ட நூல் மொழியியல் மாணவர் அனைவரும் அறிந்தது. மொழிகள் அடிப்படை வண்ணச்சொற்களைப் பெறுவதில் ஒரு வரிசை உண்டு. கருமை, வெண்மை, செம்மையில் தொடங்கும் அவ்வரிசையில் நீலத்துக்குப் பின்னரே பழுப்பு வரும் என்பது அவர்தம் முடிவு. ஒரு பொருளின் பெயரே நிறத்துக்கும் பெயராக வழங்கினால், அச்சொல்லை அடிப்படைச் சொல்லாகக் கொள்வதில் ஐயம் வேண்டும் என்பது அவர்கள் வகுத்த அளவுகோல்களுள் ஒன்று. இந்த அளவுகோலின்படி கோதுமையும் தவிடும் மூக்குப்பொடியும் ஐயத்துக்குரியவை. வகைப்பாட்டுக்கு அது தேவையாக இருக்கலாம்; அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் வரலாறு எழுதுவோனுக்கு, ஐயத்துக்குரியது என ஒதுக்கப்பட்ட சொல்லே பயன் மிக்கது. 'சிவப்பு' என்ற சொல் யாருடைய உழைப்பையும் சொல்வதில்லை. 'கத்தை' சொல்கிறது.

கத்தா என்பது கருங்காலி இனத்தைச் சேர்ந்த கைர் மரத்தின் வைரத்தைச் சிறு சில்லுகளாக்கி, நீரில் நெடுநேரம் கொதிக்கவைத்து, வடித்து, இறுகச் செய்து எடுக்கும் பொருள். வெற்றிலையோடு மெல்லும்போது வாய் சிவப்பது கத்தாவும் சுண்ணாம்பும் சேர்வதால். தமிழில் இதற்குக் காசுக்கட்டி என்று பெயர். மலாய் மொழியின் 'காச்சு', ஐரோப்பிய மொழிகளின் 'கேடச்சு' ஆகியனவும் இச்சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. மீன்வலைக்கும் பாய்மரத் துணிக்கும் சாயமிட்டுக் கெடாது காத்ததும் இதுவே. வங்காளத்தின் 'கயேரி'யும் இந்தியின் 'கத்தை'யும் ஒரே மரத்திலிருந்து கிளைத்தவை. ஒன்று மரத்தின் பெயரால், மற்றொன்று சாற்றின் பெயரால்.

இச்சாற்றைக் காய்ச்சியோர் யாவர்? மேற்குக் கடற்கரையில், இன்றைய ராய்கட், தானே, பால்கர் மாவட்டங்களில் வாழும் கட்கரி அல்லது காத்தோடி என்னும் பழங்குடியினர். மராத்தியில் 'காத்' என்பது காசுக்கட்டி. குலத்தின் பெயரே தொழிலின் பெயர். 1878ஆம் ஆண்டின் வனச்சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக வகைப்படுத்தியபின், கைர் மரத்தை வெட்டுதல் அரசின் இசைவுக்குரியதாயிற்று. காய்ச்சும் தொழில் அவர்கள் கையைவிட்டு மெல்ல நழுவியது. வணிகர்களுக்காகக் கரி சுட்டனர். பின்னர் செங்கற்சூளைகளுக்குச் சென்றனர். நிறத்தின் பெயர் மட்டும் துணிக்கடைகளிலும் வண்ண அட்டைகளிலும் தங்கிவிட்டது. இன்று கட்கரி மக்கள் மத்திய அரசின் 'மிகவும் நலிவுற்ற பழங்குடிக் குழு'ப் பட்டியலில் உள்ளனர். காசுக்கட்டி காய்ச்சும் மரபு அவர்களுள் பெரும்பாலோர்க்குப் பெயரளவிலேயே எஞ்சியுள்ளது.

அதே நிலப்பரப்பில் வாழும் மற்றொரு மக்கள் வார்லியர். பழுப்புச் சுவரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவர்களுடைய வீட்டுக்குள் நுழையாமல் எழுத இயலாது.

அதற்குமுன் ஒரு சிறு இயற்பியல். பழுப்பு நிற ஒளி என்று தனியே ஒன்று கிடையாது. ஆரஞ்சு ஒளியையே, சூழ்ந்திருப்பவற்றைவிட மங்கலாகக் காணும்போது நம் கண் பழுப்பு என்று உணர்கிறது. முழு இருளில் தனித்து எரியும் பழுப்பு விளக்கை எவராலும் செய்ய இயலாது. அதாவது, பழுப்புத் தோன்ற அருகில் அதனைவிட வெளிச்சமான ஏதோ ஒன்று வேண்டும். வார்லிப் பெண்களுக்கு இது பாடநூலில் கிடைத்த செய்தியன்று. சுவரில் பழகி அறிந்தது.

மரபான வார்லி வீட்டின் சுவர் கார்வி என்னும் குறிஞ்சியினச் செடியின் தண்டுகளைப் பின்னி, அதன்மேல் மண்ணும் சாணமும் பூசி எழுப்புவது. சாளரம் இராது, இருந்தாலும் சிறிது. உள்ளே எப்போதும் அரையிருள். திருமணம் வரும்போது உட்சுவரின் ஒரு பகுதியைப் புதிதாக மெழுகிக் கேரு பூசுவர். கேரு என்பது நாம் காவிக்கல் என்று வழங்கும் இரும்புச்சத்துள்ள செம்மண். வடமொழியில் 'கைரிகம்', மலையிலிருந்து வருவது என்பது பொருள். சாணத்தின் மீதும் மண்ணின் மீதும் படியும் கேரு காய்ந்தபின் ஆழ்ந்த செம்பழுப்பாகிறது. அதன்மேல் அரிசிமாவைக் கரைத்த வெண்மையால், நுனி நசுக்கிய மூங்கிற்குச்சி கொண்டு, திருமணமான பெண்கள் 'சௌக்' எழுதுவர். சதுரத்துக்குள் பாலகாட் என்னும் தாய்த்தெய்வம். சுற்றிலும் ஒப்பனைக் கரைகள், மரங்கள், மணமக்கள், ஆடுவோர். எழுதும்போதும் எழுதி முடித்தபின்னும் 'தவளேரி' எனப்படும் மூத்த பெண் பாடுவாள். சடங்கை நடத்துபவளும் அவளே. சௌக் எழுதப்படாமல் திருமணம் இல்லை.

இங்கே பழுப்பு அலங்காரமா? 'அலங்காரம்' என்னும் சொல்லையே நான் தயங்கித்தான் பயன்படுத்துகிறேன். யசோதரா டால்மியா 1988இல் வெளியிட்ட வார்லி ஓவியம் பற்றிய நூல் வந்தபின், வெள்ளைக் கோடுகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது: வட்டமும் முக்கோணமும் சதுரமும், தார்ப்பா இசைப்போனைச் சுற்றிச் சுருளும் நடனமும். கோட்டைத் தாங்கும் தளத்தைப் பற்றி எழுதியோர் குறைவு. மெழுகுதலும் ஓவியத்தின் பகுதியே. சாணத்தின் ஈரம், மண்ணின் நயம், கேருவின் அளவு ஆகியன தவறினால் மாவு பிடிக்காது, வெடிப்பு விழும். கோடு எழுதுதல் கலை, சுவர் மெழுகுதல் வீட்டுவேலை என்று பிரிப்பது அருங்காட்சியகத்தின் வழக்கம். எழுதியவளும் மெழுகியவளும் ஒருத்தியே.

இச்சுவரைப் பற்றிப் பேசும்போது ஒரு செய்தியை விலக்கிவிட்டுச் செல்ல முடியாது. திருமணத்துக்காக நிலக்கிழாரிடம் கடன் வாங்கிய வார்லி, அக்கடனுக்காகக் கொத்தடிமையாவான். அவனை 'லக்னகடி' என்றனர். திருமணத்தால் ஆன ஆள் என்பது பொருள். கணவனோடு மனைவியும் அந்நிலக்கிழாரின் வீட்டில் உழைக்க வேண்டும். கூலியில்லா வேலைக்கு 'வேட்' என்று பெயர். 1945இல் உழவர் சங்கத்தின் தலைமையில் தலாசரி, தஹானு பகுதிகளில் எழுந்த வார்லிகளின் கிளர்ச்சி முதலில் எதிர்த்தது இவ்விரண்டையுமே. அதில் முன்னின்ற கோதாவரி பருலேகர் பின்னர் மராத்தியில் எழுதிய 'ஜேவ்ஹா மாணூஸ் ஜாகா ஹோதோ' என்னும் நூல் 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கலை வரலாற்று நூல்களில் சௌக் உண்டு, லக்னகடி இல்லை. உழவர் இயக்க வரலாறுகளில் லக்னகடி உண்டு, சௌக் இல்லை. ஒரே நாளில், ஒரே வீட்டில் நிகழ்ந்தவை இரண்டும். சுவரில் தெய்வம் எழுதப்பட்ட அந்நாளே கடனும் தொடங்கியது.

இனி நகரத்துக்கு வருவோம். அரசு அலுவலகம், தொடர்வண்டி நிலையத்தின் காத்திருப்பறை, பழைய மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் சுவரை நினைவுகூர்க. மேலே வெள்ளை அல்லது இளமஞ்சள். இடுப்பளவுக்குக் கீழே எண்ணெய்ப் பூச்சில் அடர்நிறப் பட்டை. இரண்டுக்கும் இடையே ஒரு கருங்கோடு. கட்டடத் தொழிலாளர் இதனை 'டேடோ' என்பர். இத்தாலிய மொழியில் பகடைக்காயைக் குறித்த இச்சொல், தூணின் அடிப்பீடத்தைக் குறித்து, பின்னர் சுவரின் கீழ்ப்பகுதிக்கு ஆகிவந்து, ஆங்கிலேயரோடு இங்கு வந்து பொதுப்பணித்துறையின் சொல்லாயிற்று. நாற்காலி உரசும் இடம், தோள் எண்ணெய் படியும் இடம், தரை கழுவும் நீர் தெறிக்கும் இடம், வெற்றிலைச் சாறு உமிழப்படும் இடம். கறையைக் காட்டாத நிறம் வேண்டும். பழுப்பும் கரும்பச்சையும் அதற்கு ஏற்றவை. கத்தாக் கறையை மறைக்கக் கத்தை நிறம்! வேடிக்கைக்காகச் சொல்கிறேன், ஆனால் வேடிக்கை மட்டும் இல்லை.

வார்லிச் சுவரில் பழுப்பு வெண்மையைக் காட்டுவதற்காக இருந்தது. அலுவலகச் சுவரில் அது மனிதர் அங்கே இருந்துசென்ற தடத்தைக் காட்டாமல் இருப்பதற்காக வந்தது. நிறம் ஒன்றே. அலுவலகத்துப் பட்டை மெல்ல வீடுகளுக்குள்ளும் நுழைந்தது: மாடிப்படியோரச் சுவர், வாடகைக் குடியிருப்பின் நடைவழி, கூட்டுக்குடும்பத்தின் உணவறை. வாடகைக்கு விடுவோர் அடர்நிறத்தை விரும்பியமைக்கு அழகுணர்ச்சி காரணம் என்று எவரும் வாதிடமாட்டார்.

இப்பழுப்புக்கு ஓர் எண்ணும் உண்டு. பூச்சுகளுக்கும் எனாமலுக்கும் உரிய நிறங்களை வரையறுக்கும் இந்தியத் தர ஆவணம் ஐ.எஸ். 5. அதில் அடர்பழுப்பின் எண் 412. ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் நிறப்பெயருடன் இவ்வெண்ணும் இன்றும் இடம்பெறுவதைக் காணலாம். இவ்வெண் இங்கே பிறந்ததன்று. பிரித்தானியத் தரமாகிய பி.எஸ். 381சியிலும் அடர்பழுப்பு 412தான். நாடு விடுதலை பெற்றது. நிறம் தன் எண்ணை மாற்றிக்கொள்ளவில்லை. அதே வரிசையில் 448ஆம் எண்ணுக்கு 'ஆழ்ந்த இந்தியச் சிவப்பு' என்று பெயர். இந்தியாவிலிருந்து சென்ற இரும்பு ஆக்சைடு மண்ணால் ஐரோப்பிய ஓவியர்களிடையே வழங்கிய பெயர் அது. கேருவின் உறவுக்காரன் லண்டன் சென்று எண் பெற்றுத் திரும்பி வந்தான் எனலாம். இன்னொரு துணைச்செய்தி: அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் தன் வண்ணக்குச்சிகளுள் 'இந்தியச் சிவப்பு' என்றிருந்ததை 1999இல் 'செஸ்ட்நட்' என மாற்றியது. அப்பெயர் அமெரிக்கப் பழங்குடியினரின் தோலைக் குறிப்பதாகப் பிள்ளைகள் எண்ணக்கூடும் என்று ஆசிரியர்கள் அஞ்சினர். மண்ணுக்கு இட்ட பெயர் மனிதத் தோலின் பெயராக வாசிக்கப்பட்டது!

வண்ணத் தொழிலின் வரலாற்றை இங்கு விரிக்கப் போவதில்லை. ஹவுராவில் 1902இல் தொடங்கிய ஷாலிமார், பம்பாயில் 1942இல் நால்வர் கூடித் தொடங்கிய ஏஷியன் பெயின்ட்ஸ் ஆகிய இரு பெயர்கள் போதும். நமக்குத் தேவையானது வண்ண அட்டை. ஊர்ப்புறத்தில் நிறம் இடத்தைப் பொறுத்தது. இந்த ஓடைக்கரை மண் ஒரு நிறம், அந்தக் குன்றின் மண் வேறு நிறம். வண்ண அட்டை நிறத்தை இடத்திலிருந்து பிரித்தது. ஆலையில் செய்யும் இரும்பு ஆக்சைடு எங்கும் ஒரே நிறம். அதற்கு இடும் பெயர்களோ, மொழியியலர் வியக்கத்தக்க வகையில், மீண்டும் பொருட்பெயர்களே: சாக்லேட், வால்நட், காப்பி, டெரகோட்டா. மோக்கா என்பது ஏமன் நாட்டுத் துறைமுகம். அங்கிருந்து கப்பலேறிய காப்பிக்கு அதன் பெயர் ஒட்டிக்கொண்டது. தவிடும் மூக்குப்பொடியும் பழுப்பைப் பெயரிட்ட அதே இலக்கணத்தில்தான் 2025இன் நிறமும் பெயர் பெற்றது. ஒரே வேறுபாடு உண்டு. தவிடு வீட்டில் இருந்தது, மோக்கா இல்லை.

1970களின் தொடக்கத்தில் பாஸ்கர் குல்கர்னி வார்லிச் சிற்றூர்களுக்குக் காகிதத்தையும் வண்ணத்தையும் எடுத்துச் சென்றார். ஜீவ்யா சோமா மாஷே என்னும் ஆண், சடங்குக்காக அல்லாமல் நாள்தோறும் எழுதும் ஓவியரானார், உலகப்புகழ் பெற்றார், 2011இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவருடைய மேதைமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சுவரிலிருந்து தாளுக்கு வந்தபோது, பெண்களின் சடங்கு ஆண்களின் தொழிலாகவும் மாறியது. பழுப்புத் தளம் அப்போதும் விடவில்லை: சாணமும் கேருவும் பூசிய துணியும் பழுப்புத் தாளும் தேவைப்பட்டன. வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு எழுத முடியாதல்லவா! 2014இல் வார்லி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் தானேயிலிருந்து பால்கர் தனி மாவட்டமாயிற்று.

இன்று நகரத்து அடுக்ககங்களில் அடர்பழுப்புச் சுவரின்மேல் வெள்ளை வார்லி உருவங்களை அச்சுத்தகடு வைத்துத் தீட்டித் தருகின்றனர். அதனைப் பழிக்க எனக்கு விருப்பமில்லை. சுவரை வெறுமையாக விடுவதைவிட அது நன்று. ஆயின் அங்கே தீட்டப்படுவது பெரும்பாலும் தார்ப்பா நடனமே; பாலகாட் அமர்ந்த சதுரம் அரிதாகவே வருகிறது. பாடும் தவளேரி இல்லாமல் அச்சதுரம் வெறும் சதுரம் என்பதை அறிந்தே விலக்கினரா, அழகுக்குப் பொருந்தாது என விலக்கினரா என்பது வேறு கேள்வி.

மறுபுறம், வார்லியரின் வீடுகளும் மாறுகின்றன. அரசின் வீட்டுத்திட்டத்தில் எழும் வீடு செங்கல்லும் சிமென்டும். ஒழுகாத கூரை, பாம்பு நுழையாத தரை, ஆண்டுதோறும் மெழுகும் வேலையிலிருந்து பெண்ணுக்கு விடுதலை. மண்வீட்டின் அழகைப் பாடிக்கொண்டு இவற்றைக் குறைகூறும் எழுத்தை நான் ஏற்பதில்லை. அவ்வாறு எழுதுவோர் மண்வீட்டில் மழைக்காலத்தைக் கழித்தவர் அல்லர். எனினும், சிமென்டுப் பூச்சின் மேல் அடித்த வெளிர்நீல டிஸ்டெம்பரில் அரிசிமாவு எடுபடாது. எனவே திருமணம் வரும்போது சுவரின் ஒரு பகுதியை மட்டும் கேருவாலோ, கடையில் வாங்கிய செம்பழுப்பு வண்ணத்தாலோ தீட்டிக்கொண்டு, அதன்மேல் சௌக் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு சுவர் அடர்பழுப்பு, ஏனையவை வெளிறல். உள்ளலங்கார இதழ்கள் சொல்லும் அதே அமைப்பு. காரணம் மட்டும் முற்றிலும் வேறு.

அவ்வீட்டுச் செங்கல் வரும் சூளைகளில் மழைக்காலம் முடிந்ததும் குடும்பத்தோடு சென்று தங்கி மண் பிசைவோரில் கட்கரியர் மிகுதி. முன்பணம் வாங்கிக்கொண்டு, பருவம் முழுதும் உழைத்து அதனைக் கழிக்கின்றனர். அம்முன்பணத்தில் ஒரு பகுதி திருமணச் செலவுக்காக வாங்கப்படுவதும் உண்டு.

கன்னடத்தின் 'கந்து' பற்றி இங்கு எழுதவில்லை. வாடுதல், கருகுதல் என்னும் பொருளுடைய வினையோடு அதற்குள்ள உறவு தனிப்பதிவுக்கு உரியது. தத்தம் ஊரில் சுவர்ப்பூச்சுக்கு வழங்கும் பழுப்பின் பெயரை, எந்த மண், யார் கொண்டுவருவர் என்ற செய்தியோடு நண்பர்கள் தந்துதவினால் நன்றியுடையேன்.